மறக்க அனுமதி தரும் தாள்

நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் பிள்ளைகள் இருக்கிற தமிழ் வீடுகளின் குசினிக்குள் போனால் பட்டியல்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பள்ளிக்கூடம் தரும் ‘ஊக்கெபிளான்’, அதாவது அந்த வாரத்துக்கான திட்டம், பல வீடுகளில் இன்னும் குளிர்சாதனப்பெட்டிக் கதவில்தான் தொங்குகிறது. பக்கத்தில் குடும்ப நாட்காட்டி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். அம்மாவின் இரவு வேலை, அப்பாவின் பல் வைத்தியர், மகளின் நடன வகுப்பு, மகனின் கால்பந்து எல்லாம் அதில் இருக்கும். இந்த நாட்டில் திகதியைவிட வார எண்ணுக்கு மதிப்பு அதிகம். குளிர்கால விடுமுறை எப்போது என்று கேட்டால் ‘எட்டாம் வாரம்’ என்று பதில் வரும். பனி உருகியதும் அடுக்குமாடி வாசலில் ‘டூக்னாட்’ பட்டியல் ஒட்டப்படும். அயலவர் எல்லாரும் சேர்ந்து சருகு கூட்டவும் வாங்குகளுக்கு வர்ணம் பூசவும் யார் யார் எந்த வேலை எடுப்பது என்ற விவரம் அதில் இருக்கும். மே 17, தேசிய தினத்துக்கு முன்னர் வளவு துப்புரவாகிவிட வேண்டும்.

நாமும் பட்டியல் போடத் தெரியாதவர்கள் அல்ல. கடைத் துண்டு எழுதும்போது மேலே பிள்ளையார் சுழி, முதல் வரியில் மஞ்சள் என்று தொடங்கும் பழக்கம் பல வீடுகளில் இன்றைக்கும் உண்டு. வீடு குடிபூரலுக்கு ஐயர் எழுதித் தரும் பூசைச் சாமான் துண்டை வைத்துக்கொண்டு, சடங்கே தெரியாத ஓர் இளைஞன்கூட ஒன்றும் விடாமல் வாங்கி வந்துவிடுவான்.

பட்டியல் போட்டால் கூடுதலாக வேலை செய்யலாம் என்பது எல்லாரும் சொல்வது. ஆனால் ஒரு துண்டுத் தாளில் நாலு சொல் எழுதியதும் மனிதனுக்குள் அப்படி என்னதான் மாறுகிறது? உளவியலாளர்கள் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்திருக்கும் விடைகளில் என்னை வியக்க வைப்பது இது: பட்டியலின் முதல் வேலை நம்மை வேலை செய்ய வைப்பது அல்ல, மறக்க விடுவது. எழுதியதை நேரம் வரும்வரை மறந்திருக்கலாம் என்ற நம்பிக்கையை அது மனதுக்குத் தருகிறது. அந்த நம்பிக்கை இல்லாத பட்டியலால் பெரிய பயன் இல்லை.

முதலில் தலைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்போம். ஒரே நேரத்தில் மனதில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய விடயங்கள் ஏழு அளவில் என்று 1956ல் ஜோர்ஜ் மில்லர் எழுதினார். 2001ல் நெல்சன் கோவன் அதைத் திரும்ப ஆராய்ந்து, உண்மையில் நான்கு அளவில்தான் என்றார். நான்கு! பால் வாங்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும், மகளை ஆறு மணிக்குக் கூட்டி வர வேண்டும், மாமிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். அவ்வளவுதான், நிரம்பிவிட்டது.

இடம் குறைவு என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பழையதை நினைவுகூர்வதும், இனிச் செய்ய வேண்டியதை நினைவுகூர்வதும் வேறு வேறு வேலைகள். ‘நோர்வேயின் தலைநகரம் எது’ என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியே விடையை வெளியே இழுத்து வந்துவிடும். ஆனால் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது, கடை இருக்கும் தரிப்பிடத்தில் ‘நீ பால் வாங்க வேண்டாமா’ என்று ஒருவரும் கேட்பதில்லை. கேள்வியையும் நாமே கேட்டு விடையையும் நாமே சொல்ல வேண்டும், அதுவும் சரியாக அந்த நிமிடத்தில். நூறு பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவரும் பால் வாங்க மறப்பது இதனால்தான். மறதிக்காரன் என்று ஒருவரைத் திட்டுவதற்கு முன் இந்த வேறுபாட்டை நாம் தெரிந்திருக்க வேண்டும். வீடுகளில் தேவையில்லாத எத்தனையோ சண்டைகள் அதனால் நின்றுபோகும்.

செய்யாமல் கிடக்கும் வேலை மனதை என்ன செய்கிறது என்று முதலில் அளந்து பார்த்தவர் புளூமா ஸைகார்னிக். லித்துவேனியாவில் பிறந்து பெர்லினில் படித்தவர். அவருடைய ஆசிரியர் கூர்ட் லெவின். உணவகத்தில் பணம் கட்டாத மேசையின் கணக்கை ஒரு வரி விடாமல் ஒப்பிக்கும் பரிசாரகர், பணம் கட்டியதும் அதை மறந்துவிடுவதைக் கவனித்ததில் இருந்து அந்த ஆராய்ச்சி பிறந்ததாகச் சொல்வார்கள். ஸைகார்னிக் ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்தார். பாதியை முடிக்க விட்டார், மீதியை நடுவில் நிறுத்தினார். பிறகு ‘என்னென்ன செய்தீர்கள்’ என்று கேட்டபோது, நடுவில் நின்றவை முடிந்தவற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நினைவில் இருந்தன. 1927ல் அவர் இதை வெளியிட்டார்.

இந்தக் கதையை நேரமுகாமை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறவர்கள் குறைவு. வேறு இடங்களில் இதே சோதனையைச் செய்தவர்களுக்கு ஒரு முறை ஒரு மாதிரியும் இன்னொரு முறை வேறு மாதிரியும் முடிவு வந்தது. அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எடைபோட்ட ஓர் ஆய்வு 2025ல் வெளிவந்தது. அரைகுறை வேலைதான் கூடுதலாக நினைவில் நிற்கும் என்பதற்கு அதில் ஆதாரம் தேறவில்லை. ஆனால் லெவினின் அதே பெர்லின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மரியா ஒவ்சியங்கினா 1928ல் சொன்ன இன்னொரு விடயம் நிலைத்து நின்றுவிட்டது. நடுவில் நிறுத்தப்பட்ட வேலையை நோக்கி, யாரும் சொல்லாமலே, சம்பளமும் இல்லாமலே மனிதர் திரும்பிப் போகிறார்கள். நினைவு கூடுகிறதோ இல்லையோ, இழுப்பு இருக்கிறது. தொட்டில் ஆட்டுகிறவள் கையை எடுத்ததும் சிணுங்கும் குழந்தைபோல, முடியாத வேலை நம்மைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது.

இந்தக் கூப்பாட்டை அடக்க அந்த வேலையை முடித்தே ஆக வேண்டுமா? ஈ. ஜே. மாசிகாம்போவும் ரோய் பௌமைஸ்டரும் புளோரிடாவில் இதைச் சோதித்து 2011ல் வெளியிட்டார்கள். தமக்கு முக்கியமான, இன்னும் முடியாத வேலைகளைப் பற்றிச் சிலரை யோசிக்க வைத்தார்கள். பிறகு ஒரு நாவலில் இருந்து சில பக்கங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிக்கும்போது முடியாத வேலைகளின் நினைவு நடுநடுவே புகுந்து அவர்களைக் குழப்பியது. இன்னொரு குழுவிடம், அந்த வேலைகளை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று திட்டம் எழுத வைத்துவிட்டு அதே பக்கங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு வேலையும் அவர்கள் செய்து முடித்திருக்கவில்லை, திட்டத்தை எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். எப்படி நடக்கும் என்று தெரிந்ததும் மனம் பிடியைத் தளர்த்திவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ‘எப்படி’ என்ற சொல். ‘வரி விவகாரம்’, ‘அம்மா’, ‘கார்’ என்று மூன்று சொற்களை எழுதிவிட்டுப் படுத்தால் மனம் ஏமாறாது. எந்தக் கதவும் திறக்கவில்லை என்று அதற்குத் தெரியும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும் பகுதியை இந்த ஓர் இடத்துக்கே கொடுத்திருக்கிறார். அவரும் வெரோனிக்கா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997ல் வெளியிட்ட ஒரு சோதனை நத்தார் காலத்தைப் பற்றியது. நத்தார் இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் நேரத்துக்கு எழுதி முடித்தார்கள். குறித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் முடித்தார்கள். இரண்டு பகுதியினருக்கும் ஒரே வேலை, ஒரே விடுமுறை, ஒரே சோம்பல்.

பேருந்தில் யாரும் கேட்காத கேள்விக்கு இங்கேதான் மருந்து இருக்கிறது. ‘பால் வாங்க வேண்டும்’ என்று எழுதினால் அது ஓர் ஆசை. ‘பேருந்தால் இறங்கியதும் நேரே கடைக்குள்’ என்று எழுதினால், இறங்கும் செயலே நினைவூட்டியாகிவிடுகிறது. கேள்வி கேட்கும் பொறுப்பை நாம் அந்த இடத்திடம் கொடுத்துவிடுகிறோம். நிதானமாக யோசிக்கும் நேரத்தில் முடிவை எடுத்து வைத்துவிடுவதால், களைத்து வரும் மாலையில் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. குடும்ப நாட்காட்டியில் நாளும் ஆளும் சந்திக்கும் கட்டம் அவ்வளவு நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். எந்த நாள், யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதாமல் அந்தக் கட்டத்தை நிரப்பவே முடியாது. வெறும் கொப்பித் தாளில் அந்தக் கட்டாயம் இல்லை. டூக்னாட் பட்டியலும் அப்படித்தான். வேலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு இலக்கம் வந்துவிட்டால் அந்த வேலை நடந்துவிடும்.

ஆனாலும் பட்டியல் நீளும்போது ஒரு பழைய குருட்டுத்தனம் புகுந்துகொள்கிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணிப்பதில் மனிதர் பிடிவாதமாகப் பிழை விடுகிறார்கள். கனடாவில் ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும், இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே பிழைத்துப்போனால் எவ்வளவு எடுக்கும் என்றும் கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். முடிக்க எடுத்தது 55 நாளுக்கு மேல். மிக மோசமான நிலை என்று அவர்களே கற்பனை செய்ததைவிட உண்மை மோசமாக இருந்தது. 1994ல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகு, ஒரு நாளுக்குப் பன்னிரண்டு வேலை எழுதும் பட்டியலை நான் நம்புவதில்லை. அந்தப் பன்னிரண்டையும் எழுதியவர் சோம்பேறி அல்லர். நாளின் நீளத்தைத்தான் பிழையாக அளந்திருக்கிறார்.

லோறென்ஸ்கூக்கில் மார்கழியில் மூன்றரை மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடுகிறது. நித்திரை குழம்பும் காலம் அது. பட்டியலையும் நித்திரையையும் சேர்த்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மைக்கல் ஸ்கலின் என்பவர் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளையோரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்தார். படுக்க முன் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். ஒரு குழு, வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியது. மற்றக் குழு, அண்மையில் செய்து முடித்ததை எழுதியது. முடித்த வெற்றிகளை எழுதியவர்கள்தான் நிம்மதியாக உறங்கியிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றும். நடந்ததோ மறுபக்கம். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கிவிட்டார்கள். எவ்வளவு நுணுக்கமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் உறக்கம் வந்தது. 2018ல் வெளியான இந்த ஆய்வு ஓர் இரவுக்கும் சில பேருக்கும் உரியது, அதைப் பெரிதாக்கக் கூடாது. ஆனால் மாசிகாம்போ பகலில் கண்டதும் ஸ்கலின் இரவில் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

இதுவரை சொன்னது, மறக்க விடும் பட்டியல். நேர் எதிரான வேலையைச் செய்யும் இன்னொரு பட்டியல் உண்டு. அது, நமக்குக் கைவந்த வேலையை, தூக்கத்திலும் செய்யக்கூடிய வேலையை, அன்றைக்குப் பார்த்து மறந்துவிடாமல் தடுப்பது. 1935 ஒக்ரோபர் 30ம் திகதி அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலெழுந்த சிறிது நேரத்தில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் மேஜர் புளோயர் ஹில், மிகுந்த அனுபவசாலி. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் வால் இறக்கைகளைப் பிடித்து வைக்கும் பூட்டு விடுவிக்கப்படாமல் இருந்தது. ஹில்லும், உடன் பறந்த போயிங் நிறுவன ஓட்டுநர் லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள். விமானிகளுக்கு இன்னும் பயிற்சி கொடுங்கள் என்று இராணுவம் சொல்லவில்லை. புறப்படமுன், பறக்கும்போது, இறங்கமுன் எனப் பார்க்க வேண்டியவை சிறு பட்டியலாக்கப்பட்டன. அதே வகை விமானம்தான் பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

அந்த யோசனை உலகெங்கும் சத்திரசிகிச்சை அறைகளுக்கு வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. உலக சுகாதார நிறுவனம் அதுல் கவாண்டே என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் பொறுப்பைக் கொடுத்து, 2008ல் 19 வரிகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. மயக்கமருந்து கொடுக்கமுன், தோலில் கத்தி படமுன், ஆளை வெளியே கொண்டுபோகமுன் என மூன்று இடங்களில் எல்லாரும் நிற்க வேண்டும். சத்தமாக வாசிக்க வேண்டும். இவர் யார், எந்தப் பக்கம், என்ன சத்திரசிகிச்சை, ஒவ்வாமை உண்டா, கிருமியெதிர் மருந்து கடந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாயிற்றா, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா. சிக்கலான அறிவு எதுவும் அதில் இல்லை. ஒரு வரி மட்டும் எந்த வேலையையும் சொல்லவில்லை: அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லி ஒரு முறை வாய் திறந்த தாதி, பிறகு பிழை ஒன்றைக் கண்டால் நிபுணரைத் தடுத்துப் பேசத் தயங்கமாட்டார் என்பது எதிர்பார்ப்பு. புதுடில்லியில் இருந்து தன்சானியாவின் இபாகாரா வரை எட்டு நகரங்களில் சோதித்தபோது மரணம் 1.5 விழுக்காட்டில் இருந்து 0.8ஆக இறங்கியது. சிக்கல்கள் 11 விழுக்காட்டில் இருந்து 7ஆக இறங்கின.

தாள் வருமுன் இருந்த நிலையையும் வந்தபின் இருந்த நிலையையும் மட்டுமே ஒப்பிட்டதால் அந்த முடிவை முழுதாக நம்பலாமா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு நோர்வேயே ஒரு நல்ல பதில் தந்தது. பேர்கென் நகரின் ஹவுக்கெலான்ட் வைத்தியசாலையிலும் ஃபோர்டெ வைத்தியசாலையிலும், எந்தப் பிரிவு எப்போது இந்தத் தாளைத் தொடங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஆர்விட் ஸ்டெய்னார் ஹவுகெனும் கூட்டாளிகளும் 2015ல் வெளியிட்ட முடிவின்படி, சிக்கல்கள் 19.9 விழுக்காட்டில் இருந்து 11.5க்குக் குறைந்தன. வைத்தியசாலையில் தங்கும் காலமும் சராசரியாக முக்கால் நாளுக்கு மேல் குறைந்தது.

அதே தாள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளில் புகுத்தப்பட்டது. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் பயன்படுத்துகிறோம் என்று வைத்தியசாலைகள் அறிவித்தன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைப் பார்த்த ஆய்வு 2014ல் வந்தது. மரணத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அப்படியானால் பேர்கெனில் நடந்தது ஒன்ராறியோவில் ஏன் நடக்கவில்லை? ஆராய்ச்சியாளர் இன்னும் விவாதிக்கிறார்கள். என் முடிவு, நத்தார் அறிக்கையும் சத்திரசிகிச்சைத் தாளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பது. எழுதிய வரிக்குத் தனியே சக்தி இல்லை. குறித்த நிமிடத்தில், குறித்த இடத்தில், எல்லாரும் கையை நிறுத்தி அதைக் கேட்டால்தான் அது வேலை செய்யும். கட்டத்தில் சரி போடுவதற்காக மட்டும் வாசித்தால் அங்கே கடதாசிதான் மிச்சம். பட்டியலால் ஆகாததும் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 120 நிலையங்களில் பாதுகாப்பான பிரசவத்துக்கான பட்டியலைச் சோதித்து 2017ல் வெளியிட்டார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தவரை தாதியர் செய்முறை மிகவும் மேம்பட்டது, ஆனால் தாய் சேய் மரணம் குறையவில்லை. இல்லாத மருந்தையும் இல்லாத கைத்திறனையும் ஒரு தாள் கொண்டுவந்து தராது.

லோறென்ஸ்கூக்கின் நூர்ட்பிஹாகெனில் ‘ஆஹூஸ்’ என்று எல்லாரும் சொல்கிற அகெர்ஸ்ஹூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலை இருக்கிறது. இன்றைய பெரிய கட்டடம் 2008ல் திறக்கப்பட்டது, அந்தத் தாள் பிறந்த அதே ஆண்டு. இந்தப் பக்கத்துத் தமிழர்கள் பெரும்பாலும் போவது அங்கேதான். சத்திரசிகிச்சைக்குப் போன நம் மூத்தவர்கள் பலர் திரும்பி வந்து சொல்வது ஒன்று: ‘மூன்று பேர் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள், பெயர் என்ன, எந்தக் கால் என்று. நான் எதற்கு வந்தேன் என்றே அவர்களுக்குத் தெரியாதோ என்று பயந்துவிட்டேன்.’ தெரியும், நன்றாகவே தெரியும். தெரிந்த பிறகும் கேட்க வேண்டும் என்பதுதான் அந்தப் பட்டியல். போகமுன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதை யாராவது சொல்லி வைக்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களேதான், மயக்கமருந்துக்கு முன்னர். கேள்வி விளங்காமல் தலையாட்டினால் முதல் வரியிலேயே பட்டியல் உடைந்துவிடும். ஆகவே சந்திப்புக் கடிதம் வந்ததுமே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அறிவியுங்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதைத் தடுக்கிறது. அதோடு ஒரு தாளில் நோர்வேஜிய மொழியில் இவற்றை எழுதி அவர்கள் கையில் கொடுங்கள்: எடுக்கும் மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, முன்னர் செய்த சத்திரசிகிச்சைகள், மயக்கமருந்தால் முன்னர் ஏதும் தொல்லை வந்ததா, கட்டுப்பல் உண்டா. கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்ற வரியை மட்டும் வெறுமையாக விட்டு, அன்று காலை வீட்டை விட்டு இறங்கமுன் நிரப்புங்கள்.